சுவிட்சுக்குச் சுதந்திரம் வாங்கித் தருவது எப்படி

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ட்யூப்லைட் இருக்கிறது. சுவிட்சைத் தட்டினால் எரிகிறது, மறுபடி தட்டினால் அணைகிறது. இந்தக் குறையை நிவர்த்தி செய்வது எப்படி என்று விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லி ஒதுக்கிவிடலாம். ‘ஸ்மார்ட் சுவிட்ச்’ என்ற பெயரில் உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை டப்பா எல்லா இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கி மாட்டி, அட்டையில் அச்சிட்டிருக்கும் செயலியைப் போனில் இறக்கி, பெயர், மின்னஞ்சல், வீடு இருக்கும் இடம் என்று கேட்பதையெல்லாம் கொடுத்தால் வேலை முடிந்தது. சோபாவில் படுத்தபடியே விளக்கு போடலாம். நீங்கள் போனைத் தட்டியதும் அந்த உத்தரவு ரூட்டருக்குப் போகும்; அங்கிருந்து எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு சர்வருக்குப் போகும்; இந்த ஆசாமிக்கு இந்த விளக்கைப் போடும் உரிமை உண்டா என்று அது ஏட்டைப் புரட்டிப் பார்க்கும்; உண்டு என்றால் போன வழியே சேதி திரும்பி வந்து, உங்கள் தலைக்கு மேல் ஆறடியில் இருக்கும் விளக்கு எரியும். அடுத்த தெருவில் பள்ளம் தோண்டுகிறவர் இணையக் கேபிளை வெட்டிவிட்டால் எரியாது.

பெரும்பாலானவர்களுக்கு இது போதும். அவர்கள் இத்துடன் பக்கத்தைப் புரட்டிவிடலாம். டப்பா வந்து சேர்ந்த அன்றே அதன் மூடியை நெம்பிப் பார்க்கிற ரகம் மட்டும் தொடர்ந்து படிக்கவும்.

கோபம் வளர்த்தல்

இந்தக் காரியத்துக்கு முதலில் வேண்டியது ஸ்க்ரூடிரைவர் அல்ல, கோபம். வெறும் ஆசையில் ஆரம்பிப்பவர்கள் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிடுகிறார்கள். கொள்கைக் கோபம் உள்ளவர்கள்தான் நிலைக்கிறார்கள். அதை வளர்த்துக்கொள்ள மூன்று கதைகளை மனப்பாடம் செய்யுங்கள்.

முதல் கதை ரிவால்வ். அமெரிக்காவில் சுமார் 300 டாலருக்கு விற்ற ஒரு கருவி. வீட்டிலுள்ள விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டிவைக்கும். கூகுளின் கையில் இருந்த நெஸ்ட் நிறுவனம் 2014-ல் ரிவால்வை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை மூடிவிட்டது. கருவி பழுதாகவில்லை, அதற்கு வேலை சொல்ல ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான். இரண்டாவது, விங்க். 2020-ல் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் அனுப்பியது: இனி மாதம் 4.99 டாலர் கட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கருவிகள் உங்கள் பேச்சைக் கேட்காது. கொடுத்த அவகாசம் ஒரு வாரம். மூன்றாவது, இன்ஸ்டியான். 2022 ஏப்ரலில் ஒருநாள் சத்தமில்லாமல் அதன் சர்வர்கள் நின்றன. சொல்லிக்கொண்டு போகும் மரியாதைகூட இல்லை. பிறகு அதன் வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மறுபடி ஓடவைத்தார்கள். விளக்கு எரிவதற்காகக் கம்பெனியையே வாங்கிய மனிதர்கள்! நம் சங்கத்தின் முன்னோடிகள் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மூன்றையும் சாப்பாட்டு நேரத்தில், குழம்பு பரிமாறும்போது, அடுத்தடுத்துச் சொல்லுங்கள். “அதான் நம்ம வீட்டு சுவிட்ச் நல்லாத்தானேங்க இருக்கு” என்று மனைவி சொல்வார். பதில் சொல்லாதீர்கள். கொள்கை பேசுகிறவர்கள் விவரங்களுக்குள் இறங்கக் கூடாது. முக்கியமாக, இதுவரை செலவழித்த தொகை என்ற விவரத்துக்குள் இறங்கவே கூடாது.

வாங்குவதும் திறப்பதும்

நம் வழி இதுதான்: கடையில் விற்கும் டப்பாவையே வாங்குவது, உள்ளே இருக்கும் மூளையைக் கழுவிவிட்டு நம்முடைய மூளையை ஏற்றுவது. இது சாத்தியமானதற்கு ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அது செய்த இ.எஸ்.பி.8266 என்ற சில்லு 2014-ல் உலகத்தின் கைக்கு வந்தது. வைஃபை பேசும் வேலைக்காக மட்டும் விற்ற மலிவான பொருள் அது. ஆவணங்கள் சீன மொழியில் இருந்தன. பொழுதுபோக்காக மின்னணுக் கருவிகள் செய்கிறவர்கள் அவற்றை மொழிபெயர்த்துப் படித்தபோதுதான், அதற்குள் ஒரு முழுக் கணினியே சும்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஷென்ஜென் நகரத்து ஐடெட் நிறுவனம் அந்தச் சில்லோடு, மின்சாரத்தாலேயே தட்டப்படும் சுவிட்சான ஒரு ரிலேயையும் ஒரு சின்ன மின்வழங்கியையும் சேர்த்து சோனாஃப் என்று சில நூறு ரூபாய்க்கு விற்றது. மூடியைத் திறந்தால் பச்சைப் பலகையின் ஓரத்தில் வரிசையாகச் சில துளைகள் தெரியும். தொழிற்சாலையில் நிரல் ஏற்றிவிட்டு அடைக்காமல் விட்ட பின்வாசல் அது. அதன் வழியாகத்தான் நாம் உள்ளே போகப் போகிறோம்.

ஆனால் எல்லா டப்பாவிலும் இந்தச் சில்லு இருக்கும் என்று நம்பாதீர்கள். வெளியே அதே நிறம், அதே எழுத்து, அதே விலை. உள்ளே வேறு சில்லு. பின்னால் வந்தவற்றில் பல பெக்கன் என்ற வேறொரு நிறுவனத்தின் சில்லோடு வருகின்றன. திறந்து பார்க்காமல் தெரியாது, திறந்தால் கடைக்காரர் திருப்பி வாங்கமாட்டார். ஆகவே இரண்டாக வாங்குங்கள். தோற்றவற்றைப் போட்டுவைக்க ஒரு பழைய பிஸ்கட் டின் தயார் செய்யுங்கள். அந்த டின் நிறையும்.

மூடியைத் திறக்காமலே காரியம் முடித்த ஒரு பொற்காலமும் உண்டு. ஆயிரக்கணக்கான பிராண்டுகளுக்குப் பின்னால் ட்யூயா என்ற ஒரே சீன நிறுவனத்தின் மென்பொருள்தான் ஓடுகிறது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில், மைக்கேல் ஸ்டைகர்வால்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தக் கருவிகளை எவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்று மேடையில் விளக்கினார். கொஞ்ச நாளில் ட்யூயா கன்வர்ட் என்ற கருவித்தொகுப்பு வந்தது. அது போலியாக ஒரு வைஃபையை உண்டாக்கி, ‘நான்தான் உன் தலைமைச் செயலகம்’ என்று சொல்லும், டப்பா நம்பிவிடும், காற்று வழியாகவே நம் நிரலை ஏற்றிக்கொள்ளும். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ஈயம் வேண்டாம், கை சுட வேண்டாம். பிறகு நிறுவனம் புதிய பதிப்புகளில் அந்த ஓட்டையை அடைத்தது. பாதுகாப்பு கூடிவிட்டது என்று உலகம் மகிழ்ந்த அந்த வேளையில் நம் ஆட்கள் துக்கம் அனுசரித்தார்கள். இப்படிப்பட்ட விசித்திரமான பக்கத்தில்தான் நீங்களும் இனி நிற்கப்போகிறீர்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் ரூட்டரில் ஓட்டை இருந்தால் பதறுவீர்கள். உங்கள் பிளக்கில் ஓட்டை இல்லாவிட்டால் புலம்புவீர்கள்.

இந்தப் பத்தியில் மட்டும் விளையாட்டு கிடையாது. நிரல் ஏற்றும்போது டப்பா சுவரில் மாட்டியிருக்கக் கூடாது. 230 வோல்ட் அதன் பக்கமே வரக் கூடாது. இவற்றில் பலவற்றின் மின்வழங்கி வீட்டு லைனிலிருந்து தனிமைப்படுத்தப்படாதது. சில்லின் கிரவுண்டு என்று நீங்கள் தொடுவது ஃபேஸாகவே இருக்கலாம். அதில் யு.எஸ்.பி. ஒயரைச் செருகினால் லேப்டாப்பும் போகும், லேப்டாப்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறவரும் போகலாம். டப்பாவுக்கு வேண்டிய மின்சாரம், லேப்டாப்பிலிருந்து நிரல் ஏற்ற உதவும் யு.எஸ்.பி.-சீரியல் அடாப்டரிலிருந்து 3.3 வோல்ட்டாக மட்டும் வரட்டும். 5 வோல்ட் கொடுத்தால் சில்லு பிஸ்கட் டின்னுக்குப் போகும். சுவிட்ச் போர்டில் கை வைப்பதற்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். தெரியாதென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இனி ஏற்றலாம். அடாப்டரில் அனுப்பும் கம்பி டப்பாவில் வாங்கும் துளைக்கு, வாங்கும் கம்பி அனுப்பும் துளைக்கு. குறுக்காகப் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் நேராகத்தான் முதலில் போடுவார்கள். டப்பாவின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் அது நிரல் வாங்கத் தயாராகும். அதாவது ஒரு கை பொத்தானில், ஒரு கை யு.எஸ்.பி.யில், ஒரு கை துளையில் ஆடிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பிடித்தபடி. மூன்றாவது கைக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை யாராவது இருந்தால் நல்லது. கணினித் திரையில் ‘இணைக்கிறேன்’ என்று புள்ளிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அடாப்டர் பழைய எஃப்.டி.232 வகையாக இருந்தால், அதன் 3.3 வோல்ட் முனை 50 மில்லியாம்பியர்தான் தரும். வைஃபையை எழுப்பும்போது நம் சில்லு அதைப்போலப் பல மடங்கு கேட்கும். கேட்டது கிடைக்காமல் மயங்கி விழும், எழும், மறுபடி விழும். நீங்கள் ஒயரைச் சந்தேகிப்பீர்கள், லேப்டாப்பைச் சந்தேகிப்பீர்கள், கடைசியில் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் வேறு அடாப்டர் வாங்குவீர்கள். போன கையோடு தேவையில்லாத இன்னும் நாலு பொருள் வாங்குவீர்கள். அது இயற்கை.

ஏற்றவேண்டிய நிரல் டாஸ்மோட்டா. நெதர்லாந்துக்காரரான தியோ ஆரன்ட்ஸ் சோனாஃபுக்காக எழுத ஆரம்பித்து, பலர் கைபட்டு வளர்ந்தது, இலவசம். ஏறி முடிந்ததும் டப்பா தன் பெயரில் ஒரு வைஃபை திறக்கும். அதில் சேர்ந்து 192.168.4.1 என்று தட்டினால் ஒரு பக்கம் வரும். வீட்டு வைஃபையின் விவரத்தைக் கொடுத்தால், அடுத்த நிமிடம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு முகவரியில் ஒரு பொத்தான் தெரியும். அழுத்துங்கள். ரிலே ‘டிக்’ என்று சொல்லும். எந்த நாட்டு சர்வரையும் கேட்காமல் சொல்லும்.

வீட்டாரை அழையுங்கள். இது கூட்டிக் காட்டவேண்டிய தருணம்.

“என்னடா பண்ணியிருக்கே?”

“போன்லயே லைட் போடலாம்மா.”

“போன் எங்கே?”

“சார்ஜ்ல இருக்கும்மா.”

“சார்ஜர் எங்கே?”

“சுவிட்ச் போர்டுல.”

அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போவார். போகிற வழியில் கூடத்து விளக்கைக் கையால் அணைத்துவிட்டுப் போவார். மனம் தளராதீர்கள்.

எலக்ட்ரீஷியனும் மோட்டாரும்

அடுத்தது சுவரில் ஏற்றுவது. நம் எலக்ட்ரீஷியன் வந்து, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, போர்டைக் கழற்றி, “சார், இந்தப் போர்டுல நியூட்ரல் வரலையே சார்” என்பார். சாதாரண சுவிட்சுக்கு ஃபேஸ் போய்வந்தால் போதும். டப்பாவுக்கோ தான் உயிரோடு இருக்கவே மின்சாரம் வேண்டும் என்பதால் நியூட்ரலும் தேவை. நம் ஊரில் பல போர்டுகளில் சுவிட்சோடு ஒரு பிளக் பாயின்ட்டும் இருக்கும், அங்கே நியூட்ரல் இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பெரும்பாலும் இருக்காது. நீங்கள் எந்த விளக்கை முதலில் ஸ்மார்ட் ஆக்க ஆசைப்பட்டீர்களோ அது இந்த இரண்டாவது ரகப் போர்டில்தான் இருக்கும். ஃபேனை வெறும் ரிலேயால் போடலாம், அணைக்கலாம். வேகம் மாற்ற முடியாது. ரெகுலேட்டரை விட்டுவைக்கச் சொல்லுங்கள், அவரும் அதைத்தான் சொல்வார்.

இனி மோட்டார். தமிழ்நாட்டு வீடுகளில் தானியங்கி என்பதற்கு உண்மையான தேவை ஒன்றே ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்: மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவது. வண்ணம் மாறும் விளக்கு, தானாக விலகும் திரைச்சீலை எல்லாம் விளம்பரப் படத்துக்கு. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், பக்கத்து வீட்டுச் சுவரில் அருவி கொட்டி, “தண்ணி போகுது” என்று தெருவே கத்துவதுதான் நம் பிரச்சினை.

இதற்கு மிதவை சுவிட்ச் என்று ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. தொட்டிக்குள் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் குண்டு. தண்ணீர் ஏறினால் மிதந்து மோட்டாரை நிறுத்தும், இறங்கினால் போடும். வைஃபை வேண்டாம், நிரல் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். விலையும் மலிவு, வருடக்கணக்கில் உழைக்கும். ஆகவே அதை வாங்காதீர்கள்.

நாம் மீயொலி உணரி வாங்குவோம். அது மனிதக் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் தண்ணீர் மேல் எறிந்து, எதிரொலி வரும் நேரத்தை வைத்து உயரம் கணக்கிடும். மலிவான வகை தொட்டிக்குள் ஏறும் ஈரத்தில் சீக்கிரமே கண்ணை மூடும். நீர்புகா வகை தாங்கும். ஆனால் அதற்குத் தன் முகத்துக்கு முன்னால் சுமார் 20 சென்டிமீட்டருக்குள் இருப்பது எதுவும் தெரியாது. அதாவது தொட்டி நிரம்பப்போகிறது என்று சொல்வதற்காக வைத்த கருவி, தொட்டி நிரம்பப்போகும் நேரத்தில் குருடாகும். ஆகவே தொட்டி மூடிக்கு மேலே ஒரு குழாய்த் துண்டு வைத்து அதன் உச்சியில் உணரியைப் பொருத்த வேண்டும். அதற்குப் பிளம்பர் வேண்டும். மாடிவரை வைஃபை எட்ட இன்னொரு ரூட்டர் வேண்டும். அந்த ரூட்டருக்கு மாடியில் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். மழை படாமல் அதற்கு ஒரு பெட்டி வேண்டும். மிதவை சுவிட்சை வாங்கியவர்களுக்கு இந்த அனுபவங்கள் எதுவும் வாய்ப்பதில்லை.

மோட்டாரை மட்டும் நேராக டப்பாவில் மாட்டாதீர்கள். அதன் மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும், 1 ஹெச்.பி. என்பது 746 வாட்தானே என்று மனக்கணக்கு போடத் தோன்றும். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் உள்ளே உள்ள முனைகள் அந்தச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் போனில் அணைப்பீர்கள், போன் ‘அணைந்தது’ என்று சொல்லும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். டப்பா, காண்டாக்டர் என்ற கனமான சுவிட்சைத் தட்ட வேண்டும், காண்டாக்டர்தான் மோட்டாரைத் தட்ட வேண்டும். இதையும் எலக்ட்ரீஷியன் ஆரம்பத்திலேயே சொல்லியிருப்பார். நீங்கள் டாஸ்மோட்டாவை விளக்கிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்திருக்காது.

வீட்டுக்கு ஒரு மூளை

டப்பாக்கள் பெருகியதும் அவை தங்களுக்குள் பேச வேண்டும் என்று தோன்றும். ஏன் பேச வேண்டும் என்று கேட்கிறவர்கள் முன்பே பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். பேசும் மொழி எம்.க்யூ.டி.டி. 1999-ல் ஐ.பி.எம்.மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும், ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக வகுத்தது. பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மைல் ஓடும் குழாயின் அழுத்தத்தைச் சொல்ல உண்டாக்கிய மொழியில், இனி உங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் விளக்கு தான் அணைந்துவிட்டதைப் பூஜையறை விளக்குக்குத் தெரிவிக்கும்.

எல்லாவற்றையும் கட்டி மேய்க்க ஹோம் அசிஸ்டன்ட். 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் தன் வீட்டு விளக்குகளுக்காக ஆரம்பித்தது, இன்று உலகமெங்கும் எழுதப்படுகிறது. உண்மையிலேயே அருமையான மென்பொருள், அதனால்தான் ஆபத்து. மாதம் ஒரு புதிய பதிப்பு வரும். அதன் குறிப்பில், இதுவரை வேலை செய்துவந்து இனி அப்படியே செய்யாதவற்றுக்கு என்று தனிப் பகுதியே இருக்கும். அமைப்புக் கோப்பில் ஓர் இடைவெளி தள்ளிப்போனால் போதும், மொத்த வீடும் எழ மறுக்கும். இதை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் போட்டு டி.வி.க்குப் பின்னால் வைப்பது மரபு. அதன் நினைவு அட்டைக்குத் திடீரென்று கரண்ட் போவது ஆகாது. நம் ஊரில் கரண்ட் திடீரென்று மட்டும்தான் போகும். ஆகவே பையையும் ரூட்டரையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். அதற்காக அந்த லைனிலிருந்து எதை எடுப்பது என்ற கேள்வி வரும். பாட்டியின் ஃபேனைப் பற்றி யோசிக்கக்கூட வேண்டாம்.

கரண்ட் பற்றி இன்னொன்று. டாஸ்மோட்டாவில் ஓர் அவசர வழி வைத்திருக்கிறார்கள்: ஆறு முறை வேகமாக அணைத்துப் போட்டு, ஏழாவது முறை போட்டபடி விட்டால், டப்பா எல்லாவற்றையும் மறந்து பிறந்த நிலைக்குத் திரும்பும். ஐரோப்பாவில் அமர்ந்து யோசித்தால் மின்சாரம் அப்படி விட்டுவிட்டு வருவதற்கு மனிதன் வேண்டுமென்றே செய்வதைத் தவிர வேறு காரணம் தோன்றாது. ஐப்பசி மழையில் நம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் இதைத் தனியாகவே செய்து முடிக்கும். காலையில் எழுந்து பார்த்தால் வீட்டு டப்பாக்கள் எல்லாம் ஞானம் பெற்று, ஆளுக்கொரு வைஃபை திறந்து வைத்து, நீங்கள் யார் என்று கேட்கும். செட்ஆப்ஷன்65 என்ற கட்டளைக்கு 1 என்று மதிப்பு கொடுத்தால் இந்த வழியை அடைத்துவிடலாம். இந்தக் கட்டுரையில் உருப்படியாக எதையாவது எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டு விளக்கைப் போட ஆசைப்பட்டு ரூட்டரில் நேரடி வாசல் திறந்துவிடாதீர்கள். 2016-ல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் படையாகத் திரட்டியது. அந்த அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் மீது விழுந்து அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே முடக்கியது. படையில் சேர்ந்த கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஆள் இருப்பதை அறிந்து தானே எரியும் விளக்கு அடுத்த கனவு. மலிவான பி.ஐ.ஆர். உணரி, சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஒன்று அசைவதைக் கவனிக்கும். தாத்தா பேப்பர் படிக்கும்போது அசைவதில்லை, விளக்கு அணையும். அவர் பேப்பரை ஆட்டினால் எரியும். சென்னையில் மே மாதம் அறையும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வரும்போது, அசைந்தாலும் அதற்குச் சரியாகத் தெரியாது. இதற்கு மாற்றாக ரேடார் உணரி வந்திருக்கிறது. மூச்சு விடும் அசைவையே பிடித்துவிடும். ஓடும் மின்விசிறியையும் ஆள் என்று பிடித்துவிடும். அறையில் ஆள் இருப்பதால் ஃபேன் ஓடும், ஃபேன் ஓடுவதால் அறையில் ஆள் இருப்பார். ஈ.பி. பில் வரும்வரை இதில் தர்க்கப் பிழை எதுவும் தெரியாது.

நீங்கள் ஊருக்குப் போகும்போது

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரத்தில் போன் வரும்.

“ஏங்க, பாத்ரூம் லைட் எரியல.”

“ரூட்டர்ல எத்தனை பச்சை விளக்கு எரியுதுன்னு பாரு.”

“லைட் எரியலன்னு சொல்றேன், விளக்கு எண்ணச் சொல்றீங்க.”

“சரி, டி.வி.க்குப் பின்னாடி சின்னதா ஒரு டப்பா இருக்கும் பாரு.”

“அதுவா? காலையில தூசி தட்டும்போது ஒயர் கழண்டு வந்துச்சு. குப்பைன்னு ஓரமா வெச்சிருக்கேன்.”

கெட்டிமேளம் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, எந்த ஒயர் எந்தத் துளைக்கு என்று கத்திக்கொண்டிருப்பீர்கள். அந்த நிமிடம் கொஞ்சம் நிதானித்தால் ஒரு விஷயம் பிடிபடும். கடல் கடந்த சர்வரை விரட்டினீர்கள், சரி. அது பார்த்துவந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்கள்? ரிவால்வ் மூடப்பட்டபோது அதன் வாடிக்கையாளர்கள் திட்ட ஒரு பெரிய நிறுவனமாவது இருந்தது. உங்கள் வீட்டாருக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்களுக்கு மாற்று சர்வர் கிடையாது, சேவை நேரம் கிடையாது, காய்ச்சல் வந்தால் மொத்த வீடும் இருட்டு. அவர்கள் கேட்காத ஒரு சேவையில் அவர்களைச் சந்தாதாரர் ஆக்கிவைத்திருக்கிறீர்கள்.

இதற்குப் பரிகாரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சோனாஃப் மினி போன்ற சிறிய டப்பாக்களில் சுவர் சுவிட்சை இணைப்பதற்கென்றே இரண்டு முனைகள் இருக்கின்றன. பழைய சுவிட்சை எடுக்காமல் அதன் கம்பிகளை அங்கே கொடுங்கள். பை செத்தாலும் ரூட்டர் செத்தாலும் சுவிட்சைத் தட்டினால் டப்பா தானே ரிலேயைப் போடும். போர்டை மூடிவிட்டால் உள்ளே டப்பா இருப்பதே தெரியாது. வீட்டாரில் யாரும் உங்களைப் பாராட்டமாட்டார்கள். அதுதான் சரியாகச் செய்ததற்கு அடையாளம். பிறகு எந்தப் போர்டில் என்ன இருக்கிறது, டப்பாவை எடுத்துவிட்டு எந்த இரண்டு ஒயரைச் சேர்த்தால் பழையபடி எரியும் என்று எலக்ட்ரீஷியனுக்குப் புரிகிற தமிழில் ஒரு தாளில் எழுதி மெயின் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். பதினாறு டப்பாக்களுக்கு விதவிதமான பெயர் வைத்து வரைபடம் போடுவதைவிட இந்த ஒரு தாள் பெரிய வேலை. நம் சங்கத்தில் இதைச் செய்தவர்கள் அபூர்வம்.

இதற்குள் விஷயம் தெருவில் பரவியிருக்கும். எதிர்வீட்டுப் பெரியவர் மாலையில் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, மெதுவாக ஆரம்பிப்பார்: “தம்பி, உங்க வீட்ல தொட்டி நிரம்புனா மோட்டார் தானா நின்னுடுதாமே? எங்க வீட்டுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்களேன். செலவு எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல.”

பெருமையில் கை பரபரக்கும். பிஸ்கட் டின்னில் இன்னும் உயிரோடு ஒன்றிரண்டு டப்பா இருப்பது ஞாபகம் வரும். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் வெளிநாட்டில் என்பதையும், மோட்டார் நின்றாலும் நிற்காவிட்டாலும் அவர் எந்த எண்ணுக்குப் போன் செய்வார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். யோசித்துவிட்டு, ஹார்டுவேர் கடையின் பெயரைச் சொல்லுங்கள். “மிதவை சுவிட்ச்னு கேளுங்கய்யா, குடுப்பாங்க. எலக்ட்ரீஷியன் நம்பர் நான் தரேன்.”